குறிப்பிட்ட நெட்வொர்க்கில் மட்டும் போன் ரீஸ்டார்ட் ஆகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஒரு வைஃபையில் சேர்ந்தால் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, வேறு வைஃபையில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. அல்லது வைஃபையில் எல்லாம் சரி, மொபைல் டேட்டாவுக்கு மாறினால் பொசுக்கென்று அணைகிறது. இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருவார்கள்: ‘ரவுட்டர் கோளாறு’ அல்லது ‘போன் போச்சு’. இரண்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். நெட்வொர்க் மாறும்போது அதோடு சேர்ந்து வேறு பலவும் மாறுகின்றன: இடம், சார்ஜர், சூடு, போன் பின்னணியில் செய்யும் வேலை, ரேடியோ இழுக்கும் மின்சாரம். இவற்றில் எது ரீஸ்டார்ட்டைக் கிளப்புகிறது என்று பிரித்தெடுப்பதுதான் மொத்த வேலையும்.

ஒன்றை முன்பே சொல்லிவிடலாம். ரவுட்டர் எவ்வளவு கோணலான தகவலை அனுப்பினாலும், ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டுப் போக வேண்டும். ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் குறை போன் பக்கம்தான். ஆனால் போன் மென்பொருளை நாம் திருத்த முடியாது. ரவுட்டரில் ஒரு செட்டிங்கை மாற்ற முடியும். குறை ஒரு பக்கமும் தீர்வு இன்னொரு பக்கமும் இருப்பது இந்தச் சிக்கலில் சகஜம்.

முதலில், நடந்தது எந்த வகை ரீஸ்டார்ட்?

எல்லாரும் ‘ரீஸ்டார்ட்’ என்று ஒரே பெயரில் சொல்வதில் மூன்று வேறு நிகழ்வுகள் இருக்கின்றன. இதைப் பிரிக்காமல் ரவுட்டரைத் தொட வேண்டாம்.

முதல் வகை, போன் அணைந்து அப்படியே கிடப்பது. பவர் பட்டனை அழுத்தினால்தான் திரும்ப வரும். இது மின்சாரம் தொடர்பானது; பேட்டரி, அதன் இணைப்பு, அதிகச் சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அணையும் முன் 40 சதவீதம் இருந்த சார்ஜ், திரும்பப் போட்டதும் 10 சதவீதம் என்று காட்டினால் கிட்டத்தட்ட உறுதி.

இரண்டாவது, முழு ரீஸ்டார்ட். திரை கறுத்து, சில போன்கள் ஒரு அதிர்வு கொடுத்து, தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி, அடியிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும். போனின் ஆழத்தில் இருக்கும் கெர்னலே விழுந்தால் இப்படித்தான் நடக்கும். வைஃபை சிப், மொபைல் சிக்னலைக் கையாளும் மோடம் ஆகியவற்றை இயக்கும் டிரைவர்கள் என்ற நிரல்கள் அங்கேதான் இருக்கின்றன.

மூன்றாவது வகையை ஆண்ட்ராய்டில் பலரும் முழு ரீஸ்டார்ட் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சின்னம் வராது. அதற்குப் பிறகு வரும் அசையும் படம் மட்டும் ஓடும், உடனே பூட்டுத்திரை வந்துவிடும். இங்கே கெர்னல் விழவில்லை. அதன்மேல் ஓடும் ஆண்ட்ராய்டு அமைப்பு மட்டும் விழுந்து எழுந்திருக்கிறது. ஐபோனிலும் இதே போல, ஆப்பிள் சின்னம் வராமல் முகப்புத்திரை மட்டும் புதுப்பித்துக்கொள்வது உண்டு.

கண்ணால் பார்க்க முடியவில்லையா? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ பகுதியில், சில போன்களில் அதற்குள் இருக்கும் ‘நிலை’ பக்கத்தில், போன் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு இருக்கும். கெர்னல் தொடங்கிய நேரத்திலிருந்து ஓடும் கணக்கு அது. ரீஸ்டார்ட் ஆன பிறகு சில நிமிடம் என்று காட்டினால் முழு ரீஸ்டார்ட். நேற்றிலிருந்து ஓடுகிறது என்று காட்டினால், விழுந்தது மேல்தளம் மட்டும். செயலியோ, சேமித்துவைத்த ஒரு செட்டிங்கோ, சிஸ்டம் சேவையோ காரணமாக இருக்கலாம். அப்படியானால் பேட்டரியைச் சந்தேகித்துக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்து, போனே எழுதிவைத்திருக்கும் பதிவு. ஐபோனில் செட்டிங்ஸ், அதற்குள் தனியுரிமை, அதற்குள் பகுப்பாய்வு, அதற்குள் பகுப்பாய்வுத் தரவு என்று போனால் ஒரு நீண்ட பட்டியல் வரும். ‘பேனிக்-ஃபுல்’ என்று தொடங்கும் கோப்பு, போன் விழுந்த அதே தேதியிலும் நேரத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறந்து முதல் சில வரிகளை மட்டும் படித்தால் போதும். முழுதும் புரிய வேண்டியதில்லை. அங்கே ‘டபிள்யூலேன்’ என்ற சொல் வந்தால் வைஃபை, ‘பேஸ்பேண்ட்’ என்று வந்தால் மோடம். போன் விழுந்தது உண்மை, ஆனால் அந்த நேரத்துக்குக் கோப்பே இல்லை என்றால், எழுதக்கூட அவகாசம் இல்லாமல் மின்சாரம் போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆண்ட்ராய்டில் ‘பில்டு எண்’ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே பக் ரிப்போர்ட், அதாவது போனின் உள்பதிவுகள் அடங்கிய கோப்பு, எடுக்கலாம். அதில் கடைசியாக போன் தொடங்கியதன் காரணம் எழுதப்பட்டிருக்கும்: கெர்னல் பேனிக் (கெர்னல் விழுந்தது), வாட்ச்டாக் (பதில் வராமல் உறைந்ததால் கண்காணிப்பு நிரல் ரீஸ்டார்ட் செய்தது), வெப்பம், பேட்டரி என்று. அந்தக் கோப்பில் உங்கள் கணக்குகள், செயலிகள், நெட்வொர்க் பெயர்கள் எல்லாம் கலந்து கிடக்கும் என்பதால் கண்டவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

வைஃபையில் சேர்ந்த சில நொடிகளிலேயே ரீஸ்டார்ட்

நெட்வொர்க்கே நேரடியாகத் தூண்டும் வகை இது. வைஃபை சிப்புக்குள் தனியாக ஒரு சிறிய பிராசசரும் அதற்கென்று ஒரு மென்பொருளும் இருக்கின்றன. ரவுட்டரோடு கைகுலுக்கும் நேரத்தில், தான் எந்தெந்த வசதிகளைத் தருகிறது என்று ரவுட்டர் ஒரு பட்டியல் அனுப்பும். அதில் சிப்பின் மென்பொருள் எதிர்பார்க்காத ஒன்று இருந்து அது தடுமாறினால், டிரைவர் சிப்பை மட்டும் ரீசெட் செய்து சமாளிக்க வேண்டும். சமாளிக்கத் தெரியாத டிரைவர் முழு போனையும் இழுத்துக்கொண்டு விழும்.

நெட்வொர்க்கிலிருந்து வரும் வெறும் தகவல் ஒரு போனை முடக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: 2021 ஜூனில், பெயரில் சதவீதக் குறியும் சில எழுத்துகளும் குறிப்பிட்ட வரிசையில் கலந்த ஒரு வைஃபையில் சேர்ந்தால் ஐபோனின் வைஃபையே வேலை செய்யாமல் போவது தெரியவந்தது. ரீஸ்டார்ட் செய்தும் சரியாகவில்லை. நெட்வொர்க் செட்டிங்குகளை ரீசெட் செய்தால்தான் மீண்டது. ஐஓஎஸ் 14.7-இல் திருத்தினார்கள். 2020-இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த இயன் பியர், அருகில் இருக்கும் ஐபோன்களை யாரும் தொடாமலேயே வைஃபை அலை வழியாக ரீஸ்டார்ட் செய்ய முடியும் என்று காட்டினார். அந்த ஓட்டை அதே ஆண்டு மே மாதமே அடைக்கப்பட்டிருந்தது. ஆக, இப்படி நடப்பது சாத்தியம்தான். சிஸ்டம் அப்டேட் முதல் மருந்தாக இருப்பதற்கும் இதுதான் காரணம். வைஃபை சிப்பின் மென்பொருள் தனியாக வராது, சிஸ்டம் அப்டேட்டோடுதான் வரும்.

அப்டேட் இல்லை, அல்லது போட்டும் பயனில்லை என்றால் சோதனையைத் தொடங்கலாம். நான் முதலில் செய்யச் சொல்வது இது: வீட்டு ரவுட்டரை அணைத்துவிட்டு, வேறொரு போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதற்கு ரவுட்டரின் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வையுங்கள். சிக்கலுள்ள போன் தன் வழக்கமான வைஃபை என்று நினைத்துத் தானாகச் சேரும். அப்போதும் விழுந்தால், ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; போனில் அந்தப் பெயரோடு சேமிக்கப்பட்ட விவரமோ, அந்த வைஃபை வந்ததும் ஓடத் தொடங்கும் ஏதோ ஒரு செயலியோதான் காரணம். விழாமல் நின்றால், ரவுட்டர் அனுப்பும் ஏதோ ஒன்று போனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே சோதனையில் விசாரணை பாதியாகக் குறைகிறது. சேரவே மறுத்தால், ஹாட்ஸ்பாட்டின் பாதுகாப்பு வகை ரவுட்டரோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

சேமித்த விவரம்தான் காரணம் என்று தெரிந்தால் அந்த நெட்வொர்க்கை மறக்கச் செய்து, புதிதாகச் சேருங்கள். சேரும்போது, ஐபி முகவரியைக் கையால் எழுதியிருந்தாலோ பிராக்சி போட்டிருந்தாலோ அவற்றை விட்டுவிடுங்கள். சேர்ந்த உடனே விழுவதால் செட்டிங்ஸைத் திறக்கவே நேரமில்லையா? ரவுட்டரை அணையுங்கள், அல்லது அந்த வைஃபை எட்டாத இடத்துக்குப் போங்கள். ஆண்ட்ராய்டிலும், ஐஓஎஸ் 16 முதல் ஐபோனிலும், அருகில் இல்லாத நெட்வொர்க்கையும் சேமித்த பட்டியலிலிருந்து நீக்கலாம்.

ரவுட்டர் பக்கம் என்று தெரிந்தால், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். பொறுமையிழந்து எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் பிரச்சினை தீரலாம், ஆனால் எது தீர்த்தது என்று தெரியாமல் அடுத்த அப்டேட்டில் மறுபடி மாட்டிக்கொள்வோம்.

நான் போகும் வரிசை இப்படி. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் தனித்தனிப் பெயர் கொடுத்து ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்பது. 5-இல் மட்டும் விழுந்தால் சேனல் அகலத்தை 160-இலிருந்து 80 மெகாஹெர்ட்ஸுக்கும், அதிலிருந்து 40-க்கும் குறைப்பது. பிறகு சேனல் எண்ணை 36 முதல் 48 வரைக்குள் நிறுத்திவைப்பது. 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடாரோடு பகிரப்படுபவை. ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் திடீரென்று சேனல் தாவும், அந்தத் தாவலில் சில போன்கள் தடுக்கி விழும். அப்புறம் பாதுகாப்பு வகை. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையில் ரவுட்டர் இருந்தால், சோதனைக்கு மட்டும் டபிள்யூபிஏ2-க்கு இறக்கிப் பாருங்கள். 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 கட்டாயம் என்பதால் அங்கே இந்தச் சோதனை நடக்காது. கடைசியாக வைஃபை 6 அல்லது 7 வசதியை அணைத்து, ரவுட்டரைப் பழைய தலைமுறை போல நடக்கச் சொல்வது. ரவுட்டரை மாற்றிய பிறகோ அதன் மென்பொருள் அப்டேட் ஆன பிறகோதான் தொல்லை தொடங்கியது என்றால் இந்தக் கடைசி இரண்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனியாக இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கும் ஒரு நல்ல கருவி. அது பெரும்பாலும் அதே ரேடியோவில்தான் ஓடும், ஆனால் வீட்டிலுள்ள டிவி, பிரிண்டர், கேமரா எதையும் போனுக்குக் காட்டாது. கெஸ்டில் போன் நிலையாக இருந்து முக்கிய நெட்வொர்க்கில் மட்டும் விழுந்தால் சந்தேகம் ரேடியோவை விட்டு விலகி, நெட்வொர்க்குக்குள் சுற்றும் தகவல்கள் பக்கம் திரும்புகிறது. ரவுட்டரில் ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறையை அணைத்துப் பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள மற்ற கருவிகளை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பாருங்கள்.

வைஃபையை அணைத்த பிறகும் நிற்கவில்லையே?

உண்மையிலேயே அணைத்தீர்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஐபோனில் மேலிருந்து இழுத்து வரும் கட்டுப்பாட்டுப் பலகையில் வைஃபை படத்தைத் தட்டினால் இணைப்பு மட்டும் துண்டிக்கும், ரேடியோ அணையாது; மறுநாள் காலை 5 மணிக்குத் தானாக மறுபடி சேர்ந்துகொள்ளும். செட்டிங்ஸுக்குள் போய் அணைத்தால்தான் அணைப்பு. ஆண்ட்ராய்டில் வைஃபையை அணைத்தாலும், இடம் அறியும் சேவைக்காகச் சுற்றியுள்ள வைஃபைகளைத் தேடும் வேலை தொடரக்கூடும்; இருப்பிட செட்டிங்ஸுக்குள் ‘வைஃபை ஸ்கேனிங்’ என்று தனி சுவிட்ச் இருக்கிறது. அதையும் அணைத்துவிட்டுச் சோதித்தால்தான் முடிவை நம்பலாம்.

சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில் அல்லது சார்ஜில் இருக்கும்போது

இங்கேதான் ரவுட்டர்கள் அதிகமாக அநியாயப் பழி சுமக்கின்றன. வைஃபை கிடைப்பதை போன் ஒரு அனுமதிச்சீட்டு போல எடுத்துக்கொள்கிறது. மொபைல் டேட்டாவில் தள்ளிப்போட்டிருந்த வேலைகளை எல்லாம் அப்போதுதான் எடுக்கும்: படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றுவது, செயலிகளைப் புதுப்பிப்பது, முழு பேக்கப் எடுப்பது. ஐக்ளவுட் பேக்கப் பொதுவாக ஓடுவது வைஃபையில், சார்ஜரில், திரை பூட்டிய நிலையில். ஆண்ட்ராய்டின் பேக்கப்புக்கும் ஏறக்குறைய இதே நிபந்தனைகள்தான். நிரம்பி வழியும் சேமிப்பகம், பழுதான ஒரு வீடியோக் கோப்பு, சூடேற்றும் சார்ஜர் இவற்றில் எதுவாவது இருந்தால் போன் விழுவது இந்த நேரத்தில்தான். வேறு வீட்டு வைஃபையில் விழாததற்கும் இதுவே விளக்கம்: அங்கே நீங்கள் இரவெல்லாம் சார்ஜில் போட்டுவைப்பதில்லை.

பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்துக்குப் போய், ‘மீட்டர்டு’, அதாவது அளந்து பயன்படுத்த வேண்டிய நெட்வொர்க் என்று குறித்துவிடுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல் அதே இடத்தில் ‘குறைந்த டேட்டா’ நிலை இருக்கிறது. ரேடியோ அப்படியே இருக்கும், இணைப்பு அப்படியே இருக்கும், பெரிய பின்னணி வேலைகள் மட்டும் பெரும்பாலும் நின்றுவிடும். எல்லாச் செயலிகளும் இதை மதிக்காது, ஆனாலும் சோதனைக்குப் போதும். இரண்டு இரவு இப்படி விட்டு ரீஸ்டார்ட் நின்றுவிட்டால், குற்றம் வைஃபையில் இல்லை, அதில் ஓடிய வேலையில்.

பிறகு எந்த வேலை என்று தேடலாம். முதலில் சேமிப்பகத்தைப் பாருங்கள். சில ஜிபிகள்கூடக் காலியில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் சோதிப்பது வீண். அடுத்து சார்ஜரை மாற்றுங்கள், உறையைக் கழற்றுங்கள், வயர்லெஸ் சார்ஜிங்கை விட்டு வயரில் போடுங்கள். இதற்கும் அசையவில்லை என்றால் ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு: பவர் மெனுவில் ‘அணை’ என்பதை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் கேட்கும். நாம் நிறுவிய செயலிகள் எதுவும் அதில் ஓடாது. சேஃப் மோடில் அதே வைஃபையில் ஓர் இரவு நிலையாக இருந்தால், தொல்லை தொடங்குவதற்குச் சற்று முன் நிறுவியவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். விபிஎன், விளம்பரத் தடுப்பான், ஆன்டிவைரஸ், பேட்டரி மிச்சம் பிடிப்பதாகச் சொல்லும் செயலிகள் முதல் வரிசையில் நிற்கட்டும். நெட்வொர்க் மாறிய ஒவ்வொரு முறையும் ஓடிவந்து கைவைப்பவை அவைதான். ஐபோனில் சேஃப் மோடு கிடையாது. விபிஎன்னையும் கூடுதலாக நிறுவிய புரொஃபைல்களையும் நீக்குவதுதான் வழி.

வாசலைத் தாண்டும்போது, மாடி ஏறும்போது

ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. வைஃபையின் எல்லையில் நடக்கும்போது விழுகிறது. இணைப்பு கைமாறும் கணம் அது. வீட்டில் மெஷ் ரவுட்டர் இருந்தால் ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. வெளியே போனால் வைஃபையிலிருந்து மொபைலுக்குத் தாவுவது.

வைஃபை காலிங்கை அணைத்துப் பாருங்கள். அந்த வசதி இருக்கும் போனில், வைஃபையில் சேர்ந்ததும் மோடமும் வைஃபையும் சேர்ந்து குரல் அழைப்புக்கான பதிவை மாற்றிக்கொள்கின்றன; வெளியேறும்போது திருப்பி எடுத்துக்கொள்கின்றன. இரண்டு சிப்புகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளும் இடம் என்பதால் பிழை ஒளிந்திருக்க வசதியான இடமும்கூட. மெஷ் என்றால் ‘ஃபாஸ்ட் ரோமிங்’ என்ற வசதியை அணைத்துச் சோதியுங்கள். பழைய போன்களுக்கு அதோடு அடிக்கடி ஒத்துவராது. வைஃபை பலவீனமானால் மொபைல் டேட்டாவைத் துணைக்கு அழைக்கும் செட்டிங் இருந்தால் அதையும் தற்காலிகமாக அணைக்கலாம்.

அலுவலகம், கல்லூரி, விடுதி வைஃபையில் மட்டும்

இங்கே ரவுட்டர் நம் கையில் இல்லை, ஆகவே போன் பக்கம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பெயர், பாஸ்வேர்டு, சான்றிதழ் எல்லாம் கேட்கும் நெட்வொர்க் என்றால் பழைய சான்றிதழையும் புரொஃபைலையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். சான்றிதழைச் சரிபார்க்கும் நிரல்களிலும் பிழை வந்ததுண்டு: 2015-இல் ஸ்கைக்யூர் என்ற நிறுவனம், வைஃபை வழியாகக் கோணலான சான்றிதழ் ஒன்றை அனுப்பி ஐஓஎஸ் 8 போன்களைத் தொடர்ந்து ரீஸ்டார்ட் ஆக வைக்கலாம் என்று செய்துகாட்டியது. போனின் நிலையான வைஃபை (மேக்) முகவரிக்குப் பதில் மாறும் முகவரியைக் காட்டும் வசதி ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் இருக்கிறது. அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அதை அணைத்துப் பாருங்கள். அலுவலகம் நிறுவிய மேலாண்மைச் செயலி இருந்தால், அது தன் விதிகளை அமல்படுத்த போனை ரீஸ்டார்ட் செய்கிறதா என்று ஐடி பிரிவிடம் கேட்பது வெட்கத்துக்குரிய கேள்வி இல்லை. அவர்களிடம் விழுந்த நேரத்தைத் துல்லியமாகச் சொன்னால் அவர்கள் பக்கப் பதிவிலும் தேட முடியும்.

சிக்னல் குறைந்த இடத்தில், மொபைல் டேட்டாவில்

வைஃபையில் ஒரு வாரம் ஓடும். லிஃப்ட், அடித்தளம், ரயில், ஊருக்கு வெளியே சாலை இப்படி ஒரு கோடு சிக்னல் உள்ள இடத்தில் அணையும். நெட்வொர்க் கோளாறு போலவே இருக்கும். முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

டவர் எட்டத்தில் இருந்தால் போன் சத்தமாகப் பேச வேண்டும். 4ஜியில் போன் அனுப்பும் சக்தியின் உச்சம் பொதுவாக 0.2 வாட். 2ஜிக்கு இறங்கினால், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது 2 வாட் வரை போகும். அதுவும் சீராக இல்லாமல், நொடிக்கு 217 முறை துடிப்பு துடிப்பாக. ஒவ்வொரு துடிப்பும் பேட்டரியிடம் 2 ஆம்பியர் அளவுக்குக் கேட்கலாம். புதிய பேட்டரி கொடுத்துவிடும். வயதான பேட்டரிக்கு உள் தடை கூடியிருக்கும். திடீரென்று அதிகம் கேட்டால் அதன் வோல்டேஜ் ஒரு கணம் சரியும், போனின் மின்சாரக் கட்டுப்பாட்டுச் சிப் அதைக் கண்டு அணைத்துவிடும். பேட்டரியில் 30 சதவீதம் மிச்சமிருந்தும் அணைவது இதனால்தான். குளிரில் உள் தடை இன்னும் கூடும்.

ஐபோன் 6, 6எஸ் வரிசைகளில் இப்படி அணைவது பெரிய விவகாரமாகி, 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1-இல் ஆப்பிள் உச்சத் தேவையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அதைச் சரியாகச் சொல்லாமல் செய்ததற்கு அதே ஆண்டு டிசம்பரில் மன்னிப்பும் கேட்டது. பேட்டரி நலத்தைக் காட்டும் பக்கம் 2018-இல் ஐஓஎஸ் 11.3-உடன் வந்தது. அங்கே, தேவையான உச்ச மின்சாரத்தைத் தர முடியாததால் போன் எதிர்பாராமல் அணைந்தது என்ற வாசகம் இருந்தால் வேறு விசாரணையே வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள்.

அந்த வாசகம் காட்டாத போன்களுக்கு ஒரு சோதனை: அதே பலவீனமான இடத்தில் பவர் பேங்கைச் செருகியபடி பயன்படுத்திப் பாருங்கள். செருகியிருக்கும்போது விழாமல், எடுத்ததும் விழுந்தால் பேட்டரிதான். இன்னொன்று, அதே இடத்தில் ஃபிளைட் மோடில் போட்டு கேமராவை ஃபிளாஷோடு சில நிமிடம் ஓட்டுங்கள். ரேடியோ இல்லாமலேயே அணைந்தால் நெட்வொர்க்குக்கு இதில் பங்கே இல்லை. பேட்டரி உப்பி, திரையோ பின்மூடியோ தூக்கிக்கொண்டு நின்றால் எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜில் போடாமல், அழுத்தாமல், சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

5ஜி வந்தால், அல்லது அழைப்பு வரும்போது

பேட்டரி நல்ல நிலையில் இருந்தும், குறிப்பிட்ட நெட்வொர்க் வகையில் மட்டும் முழு ரீஸ்டார்ட் என்றால் மோடத்தின் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் விருப்ப வகையை 4ஜி என்று வைத்து இரண்டு நாள் ஓட்டுங்கள். நின்றால் 5ஜிதான் தூண்டுகிறது. 5ஜி சேவை பல இடங்களில் 4ஜியின் தோளில் ஏறித்தான் வருகிறது. அதாவது போன் இரண்டு இணைப்புகளையும் ஒன்றாகத் தாங்குகிறது, சூடும் மின்செலவும் கூடுகின்றன. அப்டேட் வரும்வரை 4ஜியில் இருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் கருத்து.

பிறகு சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள், வேறு நிறுவனத்தின் சிம்மை இந்தப் போனில் போட்டுப் பாருங்கள். தொல்லை சிம்மோடு போனால் சிம்மை மாற்றலாம். இரட்டை சிம் என்றால் ஒன்றை மட்டும் வைத்துச் சோதியுங்கள். ரோமிங்கில் மட்டும் என்றால் நெட்வொர்க் தேர்வை ‘தானாக’ என்பதிலிருந்து மாற்றி, ஒரு நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். போனின் மூல மென்பொருளை எடுத்துவிட்டு வேறு ரோம் போட்டவர்கள், அந்த ரோம் எதிர்பார்க்கும் மோடம் பதிப்புதான் தங்கள் போனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம்.

நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத ரீஸ்டார்ட்டுகள்

ஐபோன் ஏறக்குறைய 3 நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரம் வைத்தது போல ரீஸ்டார்ட் ஆகிறதா? உள்ளே ஒரு சென்சார் பதில் சொல்லவில்லை. வெப்பத்தைக் கண்காணிக்கும் நிரல் காத்திருந்து காத்திருந்து போனை ரீஸ்டார்ட் செய்கிறது. சார்ஜிங் போர்ட், திரை, பேட்டரி ஏதாவது மாற்றிய பிறகோ தண்ணீர் பட்ட பிறகோ இது வரும். பேனிக் பதிவில் ‘மிஸ்ஸிங் சென்சார்’ என்று எழுதியிருக்கும். ரவுட்டரைக் கழற்றி மாட்டுவதில் பயனில்லை.

மேசை இழுப்பறையில் கிடக்கும் இரண்டாவது போன் வீட்டு வைஃபையில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அது பாதுகாப்பு வசதியாக இருக்கலாம். ஐஓஎஸ் 18.1 முதல், 3 நாள் யாரும் திறக்காத ஐபோன் தானே ரீஸ்டார்ட் ஆகும். ஆண்ட்ராய்டுக்கும் 2025-இல் கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக இதே போன்ற வசதி வந்தது. சாம்சங் போன்களில் குறித்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் செட்டிங் ஒன்றும் இருக்கிறது. யாராவது அதை இயக்கிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ரீசெட் செய்யும் வரிசை

நெட்வொர்க் செட்டிங் ரீசெட்டை நான் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. அது பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் தடயத்தையும் சேர்த்து அழித்துவிடும். மேலே சொன்ன சோதனைகள் முடிந்த பிறகு செய்யுங்கள். எல்லா வைஃபை பாஸ்வேர்டுகளும், பெரும்பாலான போன்களில் ப்ளூடூத் இணைப்புகளும் போய்விடும்; படங்களும் செயலிகளும் போகாது. இசிம் வைத்திருப்பவர்கள் ரீசெட் பக்கத்தில் இசிம்மை அழிக்கும் தேர்வு தனியாக இருந்தால் அதைத் தொடாமல் விடுங்கள்.

ஃபேக்டரி ரீசெட் வரை போக வேண்டியிருந்தால், முடிந்ததும் உடனே பேக்கப்பை மீட்டெடுக்காதீர்கள். பலரும் தவறவிடும் இடம் இது. வெறும் போனாக, ஒரு செயலியும் போடாமல், தொல்லை கொடுத்த அதே வைஃபையில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் மென்பொருளை நோண்டுவதை நிறுத்தலாம். நிலையாக நின்று, பேக்கப் வந்த பிறகு விழுந்தால், பழைய சேமிப்பில் ஏதோ கூடவே வந்துவிட்டது. இந்த முறை படங்களையும் தொடர்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு செயலிகளைக் கையால் நிறுவுங்கள்.

வெறும் போனும் விழுகிறது, எல்லா வைஃபையிலும் விழுகிறது, அல்லது வைஃபை சுவிட்ச் சாம்பல் நிறத்தில் உறைந்து நிற்கிறது என்றால் சிப்போ அதன் சாலிடரோ போயிருக்கலாம். கீழே விழுந்த போன்களில் இது அதிகம். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது ‘அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது’ என்று மட்டும் சொன்னால், அவர்கள் தங்கள் வைஃபையில் அரைமணி நேரம் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்துவிடுவார்கள். எந்த அலைவரிசை, எந்தப் பாதுகாப்பு வகை, சார்ஜ் எவ்வளவு இருக்கும்போது, சேர்ந்து எத்தனை நிமிடத்தில் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பேனிக் கோப்போ பக் ரிப்போர்ட்டோ இருந்தால் அதையும் கொடுங்கள். உங்கள் ஹாட்ஸ்பாட் போனையும் கையோடு எடுத்துப் போய், விழ வைக்கும் அதே செட்டிங்கை அதில் வைக்க முடிந்தால், கவுன்டரிலேயே அவர்கள் கண்முன் விழவைத்துக் காட்டலாம்.